ரக்பியில் ஆபத்தான டேக்கிள்: நடுவரின் விசில் முதல் தடைக்காலம் வரை

சர்வதேச ரக்பியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களைக் குழப்பும் தருணம் ஒன்று உண்டு. 100 கிலோவுக்கும் மேல் எடையுள்ள இருவர் முழு வேகத்தில் மோதிக்கொள்ளும்போது ஆட்டம் தடையின்றித் தொடர்கிறது. அடுத்த சில நிமிடங்களில், அதைவிட மென்மையாகத் தோன்றும் ஒரு மோதலுக்காக விசில் ஊதப்பட்டு, ஒரு வீரர் களத்தை விட்டு வெளியேற்றப்படுகிறார். பார்ப்பவர் மனதில் உடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன: அவர் வேண்டுமென்றே செய்தாரா, எதிராளிக்கு அடிபட்டதா? நடுவர் தம் முடிவை இவ்விரண்டிலிருந்து தொடங்குவதில்லை. டேக்கிள் செய்தவரின் உடல் எந்த நிலையில் இருந்தது, அவர் என்ன செய்தார், அதை அவரால் தவிர்த்திருக்க முடியுமா என்பவையே அவருடைய கேள்விகள். அந்தக் கேள்விகளை அதே வரிசையில் கேட்கப் பழகிவிட்டால், பெரும்பாலான முடிவுகள் அறிவிக்கப்படுவதற்கு முன்பே உங்களுக்குப் புரிந்துவிடும்.

முதற்படி: முறையான டேக்கிள் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பந்தை வைத்திருக்கும் வீரரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவதே டேக்கிள். பந்து கையில் இல்லாதவரை டேக்கிள் செய்யக்கூடாது. பந்தைக் கைவிட்ட பிறகு தாமதமாக மோதுவதும், பந்து வந்து சேரும் முன்பே மோதுவதும் குற்றமாகும். எவ்வளவு பலமாக மோதலாம் என்பதற்கு விதிப்புத்தகத்தில் வரம்பு எதுவும் இல்லை. வரம்பு உயரத்துக்கும் முறைக்கும்தான். சர்வதேச ஆட்டத்தில் அந்த உயர வரம்பு தோள்களின் கோடு. டேக்கிள் அந்தக் கோட்டுக்குக் கீழே தொடங்கி, பிறகு கை வழுக்கிக் கழுத்துக்கு ஏறினாலும் அது குற்றமே. முறை என்பது கைகளால் அணைத்துப் பிடிக்க முயல்வது. கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு தோளால் மட்டும் இடித்துத் தள்ளுவது, மோதிய இடம் வயிறாகவே இருந்தாலும், முறைகேடான ஆட்டம்.

இவை அனைத்தும் உலக ரக்பி அமைப்பின் ஆட்ட விதிகளில் 9ஆம் விதியில் அடங்கும். வர்ணனையாளர்கள் 9.13, 9.16, 9.18 என்று எண்களைச் சொல்வதைக் கேட்பீர்கள். 9.13 என்பது உயரமான டேக்கிளும், முந்தியோ பிந்தியோ செய்யப்படும் டேக்கிளும். 9.16 பிடிக்க முயலாமல் இடிப்பது. 9.17 காற்றில் இருக்கும் வீரரைத் தொடுவது. 9.18 தூக்கித் தலைகீழாகப் போடுவது. இந்த நான்கையும் நினைவில் வைத்தால் தொடக்கத்துக்குப் போதும்.

இவற்றில் கடைசி இரண்டையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் நோக்கத்துக்கும் செயலுக்கும் இடையிலான வேறுபாடு அவற்றில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 2011 உலகக் கோப்பை அரையிறுதியில், ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில், வேல்ஸ் அணித்தலைவர் சாம் வார்பர்ட்டன் பிரான்ஸின் வின்சென்ட் க்ளெரைத் தூக்கினார். க்ளெரின் கால்கள் மேலே போய், உடல் கிடைமட்டத்தையும் தாண்டிச் சாய்ந்த நிலையில், வார்பர்ட்டன் பிடியை விட்டுவிட்டார். ஆட்டத்தின் முதல் கால்மணி நேரம் முடிந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. நடுவர் அலென் ரோலண்ட் சிவப்பு அட்டை காட்டினார். வேல்ஸ் 8-9 என்ற ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. வார்பர்ட்டனிடம் வன்மம் இருந்ததாக யாரும் நம்பவில்லை. ஆயினும் ஒருவரைத் தூக்கியவர், அவர் பத்திரமாகத் தரையில் இறங்குவதற்கும் தாமே பொறுப்பு என்பது விதி. அன்று உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபோதும் அந்த முடிவு சரியானது என்பதே என் உறுதியான கருத்து, ஏனெனில் கழுத்து தரையில் மோதுவதன் விளைவு அடுத்த ஆட்டத்தில் சரிசெய்துகொள்ளக்கூடிய ஒன்று அல்ல.

காற்றில் நிகழும் மோதல் இன்னும் நுட்பமானது. உயர உதைக்கப்பட்ட பந்துக்காக இருவர் ஓடிவரும்போது, இருவரும் பிடிக்கக்கூடிய இடத்தில், ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத் தாவியிருந்தால் அது நியாயமான போட்டி. ஒருவர் மட்டும் காற்றில் இருக்க, மற்றவர் தரையில் நின்றபடி அவருக்குக் கீழே புகுந்துவிட்டால், மேலே இருப்பவர் எப்படி விழுகிறார் என்பதைப் பொறுத்து அட்டையின் நிறம் அமையும். 2018 ஜூனில் வெலிங்டனில் பிரான்ஸின் பெஞ்சமின் ஃபால், நியூசிலாந்தின் போடன் பாரெட்டுக்குக் கீழே மோதியதால் பாரெட் தலைப்பக்கமாக விழுந்தார். ஃபாலுக்கு உடனே சிவப்பு அட்டை. பின்னர் விசாரணைக் குழு அந்த அட்டையை நீக்கியது. பந்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஃபாலின் பாதை, இன்னொரு நியூசிலாந்து வீரர் அவர்மீது பட்டதால் மாறியது என்பதை ஒளிப்பதிவுகள் காட்டின. விளைவு மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் அந்தச் சிவப்பு அட்டை நிலைத்திருக்கும்.

இரண்டாம் படி: தலையில் பட்டால், நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்

இன்று காட்டப்படும் சிவப்பு அட்டைகளில் பெரும்பாலானவை தலையோடு தொடர்புடையவை. 2017 ஜனவரியில் உலக ரக்பி அமைப்பு தலைமோதலுக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியது. 2019இல் உயரமான டேக்கிளுக்கென ஒரு முடிவெடுக்கும் சட்டகம் வந்தது. 2021இல் அது விரிவாக்கப்பட்டுத் தலைமோதல் நடைமுறை ஆயிற்று. நடுவர் தொலைக்காட்சி நடுவரிடம் பேசுவதை ஒலிபரப்பில் கேட்க முடிகிறது என்பது ரக்பியின் பெரும் சிறப்பு. உற்றுக் கேட்டால், அவர்கள் நான்கு கேள்விகளைப் படிப்படியாகக் கடந்து செல்வது தெரியும்.

முதல் கேள்வி: தலையில் அல்லது கழுத்தில் தொடர்பு ஏற்பட்டதா? தோளில் பட்டுத் தலை ஆடியதற்கும், நேராகத் தாடையில் பட்டதற்கும் வேறுபாடு உண்டு. இதற்குத்தான் பல கோணங்களில் மறு ஒளிபரப்பு தேவைப்படுகிறது.

இரண்டாம் கேள்வி: அது முறைகேடான ஆட்டமா? புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான். தலையில் பட்டதாலேயே குற்றம் நிகழ்ந்துவிடாது. டேக்கிள் செய்பவர் இடுப்பை மடித்து நன்றாகத் தாழ்ந்திருக்க, பந்தை ஏந்தி வருபவர் கடைசி நொடியில் வழுக்கி அவர் தலைமீதே விழுந்தால், அதை ஆட்டத்தில் நேர்ந்த விபத்தாகக் கருதி நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லலாம். மாறாக, அவர் நிமிர்ந்த நிலையிலேயே மோதலுக்குள் சென்றிருந்தால், தாழ்வதற்கு நேரமும் தெளிவான பார்வையும் இருந்திருந்தால், அது தவிர்க்கக்கூடியது, ஆகவே முறைகேடு. நான் மறு ஒளிபரப்பைப் பார்க்கும்போது முதலில் கவனிப்பது டேக்கிள் செய்பவரின் இடுப்பையும் முழங்காலையும்தான். அவை மடங்கியிருக்கின்றனவா என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

மூன்றாம் கேள்வி: ஆபத்தின் அளவு என்ன? நேரடித் தொடர்பு, அதிக விசை, கட்டுப்பாடற்ற வேகம், தலையோ தோளோ முழங்கையோ முன்னிட்டு வருதல் ஆகியவை உயர்ந்த ஆபத்தின் அறிகுறிகள். அப்போது சிவப்பு அட்டையிலிருந்தே பரிசீலனை தொடங்கும். முதலில் மார்பில் பட்டுப் பிறகு தலைக்கு ஏறிய தொடர்பு, குறைந்த விசை, ஒருவர் நகராமல் நின்றிருத்தல் போன்றவை ஆபத்தைக் குறைத்துக் காட்டும். அப்போது மஞ்சள் அட்டையோ வெறும் பெனால்டியோ தொடக்கப்புள்ளியாகும்.

நான்காம் கேள்வி: தண்டனையைத் தணிக்கும் காரணம் ஏதேனும் உண்டா? பந்தை ஏந்துபவர் திடீரெனவும் கணிசமாகவும் தாழ்ந்தது, திசை மாற்றியது, மற்றொரு வீரர் இடையில் தொட்டதால் நிலைமை கடைசி நேரத்தில் மாறியது, எதிர்வினை ஆற்ற நேரமே இல்லாதது ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். இருந்தால் தண்டனை ஒரு படி இறங்கும்: சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் பெனால்டியாகும். இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. வேண்டுமென்றே செய்ததற்கும், எந்நிலையிலும் முறையற்றதாகவே இருந்திருக்கக்கூடிய செயலுக்கும் தணிப்பு இல்லை. கையால் பிடிக்க முயலாமல் தோளை மட்டும் கொடுத்தவர், எதிராளி தாழ்ந்துவிட்டார் என்று சொல்லித் தப்ப முடியாது; எதிராளி நிமிர்ந்தே இருந்திருந்தாலும் அந்த டேக்கிள் குற்றம்தானே.

இந்த நான்காம் கேள்வியில் வல்லுநர்களே மாறுபடுவதுண்டு. 2023 மார்ச்சில் டப்ளினில் இங்கிலாந்தின் ஃப்ரெடி ஸ்டூவர்ட், அயர்லாந்தின் ஹியூகோ கீனனின் தலையில் மோதியதற்காக இடைவேளைக்குச் சற்று முன் சிவப்பு அட்டை பெற்றார். விசாரணைக் குழு பின்னர் அதை மறுபரிசீலித்து, கீனனின் நிலை கடைசி நேரத்தில் மாறியது போன்ற தணிப்புக் காரணங்கள் இருந்ததால் மஞ்சள் அட்டையே போதுமானதாக இருந்தது என்று முடிவு செய்தது. ஆட்டத்தின் முடிவு அதனால் மாறவில்லை, ஆனால் வீரரின் பதிவிலிருந்து அட்டை நீங்கியது. நடுவர் நேர்மையாக எடுத்த முடிவும் பின்னர் மாறக்கூடும் என்பதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. சில நிமிடங்களில் எடுத்த முடிவை, நாள் முழுதும் ஆராயும் குழு திருத்துவதற்காகத்தான் அந்த அமைப்பே இருக்கிறது.

மூன்றாம் படி: அட்டைகளையும் சைகைகளையும் படியுங்கள்

மஞ்சள் அட்டை பெற்றவர் 10 நிமிடங்கள் வெளியே இருக்க வேண்டும். 15 பேர் கொண்ட அணி அதுவரை 14 பேருடன் ஆடும். ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் பெற்றால் அது சிவப்பு. சிவப்பு அட்டை பெற்றவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் வர முடியாது.

2023 முதல் இதில் ஒரு புதிய படி சேர்ந்தது. குற்றம் குறைந்தபட்சம் மஞ்சளுக்குரியது என்று தெளிவாகி, சிவப்புக்குரியதா என்பதில் ஐயம் இருந்தால், நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டுக் கைகளைக் குறுக்காக வைத்துச் சைகை செய்வார். அதன் பொருள், களத்துக்கு வெளியே இருக்கும் மறுபரிசீலனை அலுவலரிடம், அதாவது பங்கர் என்று அழைக்கப்படும் அறையிடம், முடிவு ஒப்படைக்கப்படுகிறது என்பது. அவருக்கு 8 நிமிடங்கள் உண்டு. அதற்குள் மஞ்சள் நிலைக்கலாம் அல்லது சிவப்பாக உயர்த்தப்படலாம். அந்த 8 நிமிடங்களும் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும் என்பதால், பார்வையாளர்கள் திரையையும் களத்தையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியிருக்கும்.

2023 உலகக் கோப்பை இந்த முறைக்கு முதல் பெரிய சோதனையாக அமைந்தது. செப்டம்பர் 9ஆம் தேதி மார்செய்யில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே இங்கிலாந்தின் டாம் கரி மஞ்சள் பெற்று வெளியேற, அது சிவப்பாக உயர்ந்தது. ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் 14 பேருடன் ஆடிய இங்கிலாந்து, ஜார்ஜ் ஃபோர்டின் உதைகளால் 27-10 என வென்றது. அக்டோபர் 28ஆம் தேதி இறுதிப் போட்டியில் நியூசிலாந்து அணித்தலைவர் சாம் கேன், தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரியல்மீது நிமிர்ந்தபடி செய்த டேக்கிளுக்கு மஞ்சள் பெற்று, பின் சிவப்பாக உயர்த்தப்பட்டார். ஆடவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் வெளியேற்றப்பட்ட முதல் வீரர் அவரே. அதே ஆட்டத்தில் தென்னாப்பிரிக்க அணித்தலைவர் சியா கொலிசியின் தலைமோதலும் பங்கருக்குச் சென்றது; அது மஞ்சளாகவே நின்றது. தென்னாப்பிரிக்கா 12-11 என வென்றதால் இவ்விரு முடிவுகளையும் ஒப்பிட்டு நடந்த விவாதம் நெடுநாள் ஓயவில்லை. இரண்டையும் மறுபடி பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், மேலே சொன்ன மூன்றாம், நான்காம் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். அணிச் சார்பை ஒதுக்கிவைத்துப் பழக அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

சில போட்டிகளில் 20 நிமிடச் சிவப்பு அட்டை என்ற இன்னொரு வகையையும் காண்பீர்கள். தண்டனை பெற்ற வீரர் திரும்ப வர முடியாது, ஆனால் 20 நிமிடங்களுக்குப் பிறகு அவருக்குப் பதிலாக மாற்று வீரர் ஒருவர் இறங்கலாம். தென் அரைக்கோளப் போட்டிகளில் முதலில் சோதிக்கப்பட்ட இம்முறை, 2025 ஆறு நாடுகள் போட்டியிலும் பயன்பட்டது. அயர்லாந்தின் கேரி ரிங்ரோஸ் கார்டிஃபில் இவ்வாறு வெளியேறியவர்களுள் ஒருவர். வேண்டுமென்றே செய்த வன்முறைக்கு இது பொருந்தாது. அதற்கு முழுச் சிவப்பு அட்டை அப்படியே உள்ளது. பிரான்ஸ் ரக்பி அமைப்பு இந்த முறையை வெளிப்படையாக எதிர்த்தது. பாதுகாப்புக்கான அழுத்தம் குறைந்துவிடும் என்ற அவர்களுடைய கவலையில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆட்டம் பார்க்கும் முன், அந்தப் போட்டியில் எந்த விதி நடைமுறையில் உள்ளது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நான்காம் படி: ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதைத் தொடருங்கள்

இறுதி விசிலுடன் ஒழுங்கு நடவடிக்கை முடிவதில்லை. ஒவ்வொரு சர்வதேச ஆட்டத்துக்கும் சார்பற்ற மேற்கோள் ஆணையர் (சைட்டிங் கமிஷனர்) ஒருவர் நியமிக்கப்படுகிறார். சிவப்பு அட்டைக்குரிய குற்றம் ஒன்று நடுவரின் கண்ணில் படாமல் போயிருந்தால், குறித்த நேரத்துக்குள் அவர் அந்த வீரரை விசாரணைக்கு அழைக்கலாம். 2019 உலகக் கோப்பையில் சப்போரோவில் நடந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ரீஸ் ஹாட்ஜ், ஃபிஜியின் பெசெலி யாட்டோவை மோதியபோது பெனால்டிகூடத் தரப்படவில்லை. அதன் பிறகு ஆணையரால் விசாரணைக்கு அழைக்கப்பட்ட ஹாட்ஜுக்கு மூன்று வாரத் தடை விதிக்கப்பட்டது. உயரமான டேக்கிளுக்கான சட்டகத்தைப் பற்றி ஹாட்ஜுக்குப் போதிய அறிவு இருக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பே பதிவு செய்தது. ஒரு தேசிய அணி வீரருக்கே அது தெரிந்திருக்கவில்லை என்றால், புதிய பார்வையாளர்கள் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விசாரணைக் குழுவில் பொதுவாகச் சட்டம் அறிந்த ஒரு தலைவரும், முன்னாள் வீரர், பயிற்சியாளர் அல்லது நடுவர் போன்ற உறுப்பினர்களும் இருப்பார்கள். தடைக்காலக் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால், செய்திகளில் வரும் விந்தையான எண்கள் எல்லாம் தெளிவாகும். ஒவ்வொரு குற்றத்துக்கும் கீழ், இடை, மேல் என மூன்று தொடக்க நிலைகள் உள்ளன. ஆபத்தான டேக்கிளுக்கு அவை 2, 6, 10 வாரங்களிலிருந்து தொடங்கும். தலையில் பட்டிருந்தால் குறைந்தது இடைநிலை, அதாவது 6 வாரம், கட்டாயம். கண்ணில் விரல் வைப்பது, கடிப்பது போன்றவற்றுக்குக் கீழ்நிலையே 12 வாரம் என்பதிலிருந்து ஆட்டம் எதை மிகக் கடுமையாக வெறுக்கிறது என்று உணரலாம். பிறகு வீரரின் முந்தைய பதிவு, குற்றத்தை ஒப்புக்கொண்டது, வருத்தம் தெரிவித்தது ஆகியவற்றைப் பார்த்து அதிகபட்சம் பாதி வரை குறைக்கலாம். ஆகவேதான் பல தடைகள் மூன்று வாரமாக முடிகின்றன. ஆட்டங்கள் இல்லாத வாரங்கள் வீணே கழிந்துவிடாதபடி, வீரர் உண்மையில் ஆடியிருக்கக்கூடிய ஆட்டங்களைக் கொண்டே தடை கணக்கிடப்படும்.

இதற்கு மேலும் ஒரு குறைப்பு உண்டு. பயிற்சித் தலையீட்டுத் திட்டம் என்ற ஒன்றை வீரர் முடித்தால் கடைசி ஆட்டத்துக்கான தடை நீங்கும். டாம் கரியின் தடை 6இலிருந்து 3ஆகி, பிறகு 2 ஆனது இப்படித்தான். வீரர் தமது டேக்கிள் முறையைப் பயிற்சியாளருடன் ஆராய்ந்து, திருத்தும் பயிற்சிகளைச் செய்து, அதைச் சான்றுடன் ஒப்படைக்க வேண்டும். இதைச் சலுகை என்று குறைகூறுபவர்கள் உண்டு. ஒரு வாரம் வெறுமனே உட்கார்ந்திருப்பதைவிட, இடுப்பைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டு திரும்புவது எதிராளிக்கும் அவருக்கும் பயன் தரும் என்பதால் நான் இதை வரவேற்கிறேன்.

தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம், அது வீரருக்கு மட்டுமே உரியதன்று. 2023 ஆகஸ்டில் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தின் ஓவன் ஃபாரெல், வேல்ஸின் டெய்ன் பாஷம் மீது செய்த டேக்கிளுக்குப் பங்கர் சிவப்பு அட்டை தந்தது. மற்றொரு இங்கிலாந்து வீரரின் தலையீட்டால் பாஷமின் நிலை மாறியது என்று கூறி விசாரணைக் குழு அதை நீக்கியது. உலக ரக்பி அமைப்பே மேல்முறையீடு செய்தது. கையால் பிடிக்கும் முயற்சி இல்லாத டேக்கிள் எந்நிலையிலும் முறையற்றது, ஆகவே தணிப்புக்கு இடமில்லை என்று மேல்முறையீட்டுக் குழு முடிவு செய்து நான்கு ஆட்டத் தடை விதித்தது. நான்காம் கேள்வியின் விலக்கை இவ்வளவு தெளிவாக விளக்கும் வழக்கு வேறில்லை.

ஐந்தாம் படி: காயப் பரிசோதனையைத் தண்டனையோடு கலக்காதீர்கள்

தலையில் அடிபட்ட வீரர் வெளியே அழைத்துச் செல்லப்படுவது மருத்துவ நடைமுறை. தலைக்காயப் பரிசோதனைக்கு 12 நிமிடங்கள் ஒதுக்கப்படும், அதுவரை தற்காலிக மாற்று வீரர் ஆடுவார். 2024 முதல் மேல்நிலைப் போட்டிகளில் உணரி பொருத்திய வாய்க்காப்புகளும் இதற்கு உதவுகின்றன. பரிசோதனையில் ஒருவர் தேறாததால் எதிராளி குற்றவாளி ஆகிவிடுவதில்லை. பல நேரங்களில் பரிசோதனைக்குப் போவது டேக்கிள் செய்தவரே என்பதைக் கவனித்திருப்பீர்கள். நிமிர்ந்து மோதும்போது இரு தலைகளும் ஒரே உயரத்துக்கு வருவதால் ஆபத்து இருவருக்கும்தான். டேக்கிளின் உயரத்தைக் குறைக்கும் முயற்சிகள் அனைத்துக்கும் அடிப்படை இதுவே. அடிமட்ட ஆட்டத்தில் பிரான்ஸ் 2019இலேயே இடுப்பு உயரத்துக்கும், இங்கிலாந்து 2023இல் மார்பெலும்பின் அடிப்பகுதிக்கும் வரம்பை இறக்கிவிட்டன. ஆகவே நீங்களோ உங்கள் பிள்ளைகளோ ஒரு சங்கத்தில் சேர்ந்து ஆடத் தொடங்கினால், தொலைக்காட்சியில் காணும் தோள் உயர வரம்பை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் தேசிய ரக்பி அமைப்பு வகுத்த வரம்பைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பழகும்போது கவனிக்க வேண்டியவை

மறு ஒளிபரப்பை முதலில் இயல்பான வேகத்தில் பாருங்கள். மிக மெதுவாக ஓட்டப்படும் காட்சியில் எல்லாருக்கும் முடிவெடுக்க நிறைய நேரம் இருந்தது போலத் தோன்றும். எங்கே பட்டது என்பதை அறிய அது உதவும், எதிர்வினைக்கு நேரம் இருந்ததா என்பதை அறிய உதவாது. டேக்கிள் மட்டுமல்லாமல், தரையில் விழுந்த பந்தைச் சுற்றி இரு அணி வீரர்களும் நெருக்கித் தள்ளும் ‘ரக்’ எனப்படும் திரளையும் கவனியுங்கள். பிடித்துக்கொள்ளாமல் பாய்ந்து இடிப்பதும், பந்தைக் கவ்வியிருப்பவரின் உடலை முறுக்கி உருட்டுவதும் தண்டனைக்குரியவை; முதலை உருட்டல் எனப்படும் அந்த முறுக்கலை 2024 ஜூலை முதல் விதிகள் வெளிப்படையாகத் தடை செய்துவிட்டன, ஏனெனில் கீழே இருப்பவரின் முழங்காலும் கணுக்காலும் அதில் சிக்கிக்கொள்கின்றன.

சர்ச்சைக்குரிய அட்டை ஒன்றைப் பார்த்தால், விசாரணை முடிந்தபின் போட்டி அமைப்பாளர்கள் வெளியிடும் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். எந்த விதி எண், எந்தத் தொடக்க நிலை, என்ன தணிப்பு, எத்தனை ஆட்டம் என்ற நான்கையும் அதில் குறித்துக்கொண்டு, ஆட்ட நேரத்தில் நீங்கள் எடுத்த முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால், எந்தக் கேள்வியில் நீங்களும் குழுவும் பிரிந்தீர்கள் என்று கண்டுபிடித்து, அந்த ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.